டேப்லெட்டா, லேப்டாப்பா? ஐந்து மணி நேரம் சார்ஜ் தாங்கினால் போதும்

மெய்ப்புக்காரி

வணக்கம். கேள்வி சின்னது, கதை கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அம்மாவுக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் ஓடும். ஊசி குத்த, முடிந்ததும் ரத்தம் நிற்க, ரத்த அழுத்தம் பார்க்க என்று முன்னும் பின்னும் சேர்த்தால் ஐந்தைத் தொட்டுவிடும். அவ்வளவு நேரமும் நான் வெளியே நாற்காலியில். என் பிழைப்பு மெய்ப்புத் திருத்துவது. பிடிஎஃப்பில் பக்கம் பக்கமாகக் குறி போடுவது பாதி வேலை, வேர்டில் டிராக் சேஞ்சஸ் (செய்த திருத்தமெல்லாம் தெரியும்படி காட்டும் வசதி) போட்டுத் திருத்துவது மீதி. அந்த ஐந்து மணி நேரத்தில் வேலை நடந்தால்தான் வாரக் கெடு தப்பும்.

காத்திருக்கும் கூடத்தில் பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று. அதில் குடிநீர் இயந்திரம் செருகியிருக்கிறது. அதைப் பிடுங்கினால் எல்லோரும் என்னையே பார்ப்பார்கள். (ஒருமுறை பிடுங்கினேன். பார்த்தார்கள்.)

என் லேப்டாப்புக்கு வயது ஐந்தரை. 15.6 அங்குலத் திரை, விண்டோஸ், 8 ஜிபி ராம், எஸ்எஸ்டி. வேகத்தில் குறை சொல்ல மாட்டேன். ஆனால் முழு சார்ஜோடு கிளம்பினாலும் 1 மணி 20 நிமிடத்தில் உயிர் போய்விடுகிறது. போன வாரம் 214ஆம் பக்கத்தில் ஒரு ஒற்றுப்பிழையை வட்டமிட்டுக்கொண்டிருந்தபோது அணைந்தது. மீதி மூன்றரை மணி நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டேப் வாங்கினால் இந்த ஐந்து மணி நேரம் நிம்மதியாகப் போகுமா? பத்து மணி நேரம் என்று விளம்பரத்தில் போடுகிறார்களே, அதை நம்பலாமா? இல்லை, புது லேப்டாப்பே அவ்வளவு தாங்குமா? இரண்டும் வாங்க வழியில்லை, ஏதாவது ஒன்றுதான்.

சும்மா படிக்கிறவன்

டேப் வாங்குங்க அக்கா, யோசிக்கவே வேண்டாம். நான் காலையில் எடுத்தால் ராத்திரி வரைக்கும் சார்ஜரையே தேட மாட்டேன். படம், புத்தகம், மெயில் எல்லாம் அதில்தான். லேப்டாப் அலமாரியில் தூங்குகிறது.

ஸ்குரூடிரைவர்

மேலே தம்பி சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் படம் பார்க்கிறார், நீங்கள் பிழைப்பு பார்க்கிறீர்கள்.

மேடம், நான் பதினோரு வருடமாக லேப்டாப் கழற்றி மாட்டுகிறவன். இப்போதைக்கு எதையும் வாங்காதீர்கள். முதலில் உங்கள் மிஷினிடமே கணக்குக் கேளுங்கள். கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையான கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கில எழுத்தில் பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, சாய்கோடு (/) போட்டு, பேட்டரிரிப்போர்ட் என்று ஒரே சொல்லாக அடியுங்கள். ஒரு கோப்பு உருவாகும், எங்கே இருக்கிறது என்று அதுவே சொல்லும். பிரவுசரில் திறந்தால் மேலேயே இரண்டு எண் இருக்கும். டிசைன் கெபாசிட்டி என்பது பேட்டரி பிறந்தபோது இருந்த கொள்ளளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்றைய நிலை. இரண்டையும் இங்கே எழுதுங்கள்.

அதற்குள் அந்தப் பத்து மணி நேரக் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வாட் அவர் என்பது இருப்பு. வாட் என்பது செலவு. இருப்பைச் செலவால் வகுத்தால் மணி நேரம் வரும். இதற்கு மேல் இதில் சூட்சுமம் எதுவும் இல்லை. எம்ஏஎச் (மில்லி ஆம்பியர் அவர்) எண்ணைப் பார்த்து மட்டும் மயங்கிவிடாதீர்கள், அதை வோல்ட்டால் பெருக்கினால்தான் இருப்பு தெரியும். டேப்பில் 8,400 எம்ஏஎச் என்று இருக்கும், லேப்டாப்பில் 4,500 என்று இருக்கும். ஆஹா, டேப்பில்தான் டபுள் என்று தோன்றும். டேப் பேட்டரி 3.8 வோல்ட் சுமாருக்கு. லேப்டாப்பில் மூன்று செல்லை வரிசையாகக் கோத்திருந்தால் 11.4 வோல்ட். பெருக்கிப் பாருங்கள், டேப்புக்கு 32 வாட் அவர், லேப்டாப்புக்கு 51. இருப்பு லேப்டாப்பில்தான் அதிகம். டேப் ஜெயிப்பது சிக்கனத்தில்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஒன்று உண்டு. 2010இல் வந்த முதல் ஐபேடில் 25 வாட் அவர் பேட்டரி, பத்து மணி நேரம் என்றார்கள். 2012இல் புள்ளிகள் நெருக்கமான ரெட்டினா திரை போட்ட மூன்றாவது ஐபேட் வந்தது, அதில் 42.5 வாட் அவர். கிட்டத்தட்ட எழுபது சதவீதம் பெரிய பேட்டரி. அப்போதும் அதே பத்து மணி நேரம்தான்! கூடுதலாகப் போட்ட இருப்பை எல்லாம் திரையே குடித்துவிட்டது. இன்றைய சாதாரண ஐபேடில் 28 வாட் அவர் சொச்சம், இன்னும் அதே பத்து மணி நேரம். முதலில் பத்து மணி நேரம் என்று முடிவு செய்துவிட்டு அதற்கேற்ற பேட்டரியை வைக்கிறார்கள் என்றுதான் எனக்குப் படுகிறது. ஆக, பத்து மணி நேரம் என்றால் சராசரிச் செலவு 3 வாட்டுக்கும் கீழே. நடுத்தர வெளிச்சத்தில், வைஃபையில் வலைப்பக்கம் படித்தோ வீடியோ பார்த்தோ எடுத்த கணக்கு அது. வெயிலில் வெளிச்சத்தை முழுசாக ஏற்றிக்கொண்டு வீடியோ காலில் உட்கார்ந்தால் அந்தக் கணக்கு செல்லாது.

லேப்டாப் எல்லாமே பேட்டரி தின்னி என்பதும் பழைய பேச்சாகிவிட்டது. 2020இல் ஒரே வருடத்தில் இரண்டு மேக்புக் ஏர் வந்தன. முதலில் வந்தது இன்டெல் சிப், வருடக் கடைசியில் வந்தது ஆப்பிளின் சொந்தச் சிப்பான எம்1. இரண்டிலும் 49.9 வாட் அவர் பேட்டரிதான், உருவமும் கிட்டத்தட்ட அதே. வலைப்பக்கம் பார்க்க இன்டெலுக்கு 11 மணி நேரம், எம்1-க்கு 15 மணி நேரம் என்று கம்பெனியே போட்டது. சிப் ஒன்றை மாற்றியதில் நாலு மணி நேரம் கூடியது. அந்த 15 மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டால் சராசரி 3.3 வாட். ஐபேடுக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை. விண்டோஸ் பக்கமும் 2024இல் ஸ்னாப்டிராகன் எக்ஸ், இன்டெல் லூனார் லேக் என்ற சிப்புகளோடு இதே போட்டிக்கு வந்துவிட்டார்கள். புதுசாக வாங்குகிறவருக்கு ‘பேட்டரி வேண்டுமா, அப்படியானால் டேப்’ என்ற பேச்சு இனி எடுபடாது.

ஆனால் ஒரு இடத்தில் டேப்பை அடித்துக்கொள்ள ஆளில்லை. நீங்கள் தொடாத நேரத்தில் அது என்ன செய்கிறது என்பதில். டேப்பை மேசையில் போட்டுவிட்டு நாலு நாள் கழித்து எடுத்தாலும் பாதிக்கு மேல் சார்ஜ் இருக்கும். திரை அணைந்ததும் திறந்திருக்கும் ஆப் எல்லாவற்றையும் அப்படியே உறையவைத்துவிடும். லேப்டாப்பில் மூடியை மூடுவது தூக்கமா, அரைத்தூக்கமா என்று அதற்கே தெரியாது. பழைய வகைத் தூக்கத்தில் ராமுக்கு மட்டும் மின்சாரம் போகும். விண்டோஸ் 8 காலத்தில் தொடங்கி, பத்தில் முழுசாக வந்த மாடர்ன் ஸ்டாண்ட்பையில், மூடி மூடியிருந்தாலும் உள்ளே அப்டேட், மெயில் என்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும்.

என் சொந்த லேப்டாப்பை ஒரு நாள் மூடி பையில் போட்டுக்கொண்டு மூன்று மணி நேரப் பயணம் போனேன். இறங்கும்போது பை முதுகைச் சுட்டது. ஜிப்பைத் திறந்தால் இஸ்திரிப்பெட்டியைத் திறந்தமாதிரி ஆவி முகத்தில் அடித்தது. மின்விசிறி முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் வாயை அடைத்தபடி என் துண்டு. 96இல் கிளம்பிய சார்ஜ் 38இல் நின்றது. அன்றையிலிருந்து மூடியை மூடினால் ஹைபர்னேட் என்று மாற்றி வைத்துவிட்டேன். கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷனில் இருக்கிறது. ராமில் உள்ளதை எஸ்எஸ்டியில் எழுதிவைத்துவிட்டு மொத்தமாக அணைந்துவிடும். திறக்கும்போது பத்துப் பதினைந்து விநாடி கூட ஆகும், ஆகட்டுமே.

நீங்கள் அம்மாவை ஏற்றி, வண்டி பிடித்து, போய் உட்காரும்வரை லேப்டாப் பையில்தானே இருக்கிறது? அங்கேயே எவ்வளவு போகிறது என்று பாருங்கள். வீட்டில் கிளம்பும்போது எத்தனை, கூடத்தில் திறக்கும்போது எத்தனை.

சரி, எண்ணைப் போடுங்கள்.

மெய்ப்புக்காரி

நன்றி ஸ்குரூடிரைவர். அந்தக் கறுப்புத் திரையைப் பார்த்தாலே எனக்கு நடுக்கம், ஆனாலும் அடித்துவிட்டேன்.

டிசைன் கெபாசிட்டி 41,040. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி 17,290. பக்கத்தில் சைக்கிள் கவுன்ட் 612 என்று இருக்கிறது.

நேற்று பார்த்தேன். வீட்டில் 100. கூடத்தில் திறந்தபோது 88. இடையில் ஐம்பது நிமிடம்தான். நான் ஒன்றுமே செய்யவில்லை!

இன்னொன்று. என் மருமகனின் டேப் ஒரு வாரத்துக்குக் கைக்கு வந்திருக்கிறது, 11 அங்குலம், பேனாவோடு. சோதித்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.

ஸ்குரூடிரைவர்

அந்த எண் மில்லிவாட் அவர். அதாவது 41 வாட் அவரில் தொடங்கிய பேட்டரி இப்போது 17.3. நூற்றுக்கு 42தான் மீதி. சைக்கிள் கவுன்ட் என்பது எத்தனை முழு சார்ஜ் அளவுக்கு அது தீர்ந்து ஏறியது என்ற கணக்கு. 1 மணி 20 நிமிடத்தில் 17.3 தீர்கிறது என்றால் சராசரிச் செலவு 13 வாட். பிடிஎஃப்பும் வேர்டும் திறந்துவைத்த மிஷினுக்கு 13 வாட் அதிகம். 7, 8 வாட்டில் நிற்க வேண்டும்.

ஆக நோய் ஒன்றல்ல, இரண்டு. பேட்டரி கிழம், அதோடு மிஷின் ஊதாரி. புது பேட்டரி மட்டும் போட்டால் 41 வகுத்தல் 13, மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. போதாது. ஊதாரித்தனத்தை மட்டும் குறைத்தால் 17.3 வகுத்தல் 8, இரண்டு மணி பத்து நிமிடம். அதுவும் போதாது. இரண்டையும் செய்தால் 41 வகுத்தல் 8, ஐந்து மணி நேரம்.

இரண்டாவதற்குக் காசு வேண்டாம், அதை முதலில் செய்யுங்கள். திரை வெளிச்சத்தை நாற்பதுக்கு இறக்குங்கள். கூடத்துக்குள் உட்கார்ந்து படிக்க அது போதும். 15.6 அங்குலத்தில் திரைதான் பெரிய செலவாளி. டாஸ்க் மேனேஜரைத் திறந்து எது எப்போதும் மேலேயே நிற்கிறது என்று பாருங்கள், பிரவுசராகத்தான் இருக்கும். கீபோர்டு விளக்கை அணையுங்கள். பவர் மோடை பேட்டரி மிச்சம் பக்கம் தள்ளுங்கள். பிடிஎஃப் பார்க்க வைஃபை எதற்கு? அதையும் அணைத்துவிடுங்கள். டார்க் மோடு போட்டால் பேட்டரி நிற்கும் என்று யாராவது சொன்னால் உங்களுக்கு அது கதைக்காகாது. ஓஎல்இடி திரையில்தான் கறுப்புக்கு மின்சாரம் மிச்சம். உங்களுடையது அந்த வயதுக்கு எல்சிடியாகத்தான் இருக்கும். அதில் எழுத்து கறுப்போ வெள்ளையோ, பின்னால் விளக்கு எரிந்துகொண்டேதான் இருக்கும்.

ஆறாம் விரல்

நான் மொழிபெயர்க்கிறவன். எதிர்க்கட்சியாக ரெண்டு வார்த்தை.

இரண்டரை வருடம் முன்னால் லேப்டாப்பைக் கைமாற்றிவிட்டு, பெரிய டேப், அதற்குக் கீபோர்டு உறை, பேனா என்று செட்டாக வாங்கினேன். லேசாக இருக்கும் என்பதுதான் நான் எனக்கே சொல்லிக்கொண்ட காரணம். வீட்டுத் தராசில் வைத்துப் பார்த்தேன். டேப் 680 கிராம், உறை அதைவிடக் கூட. மொத்தம் 1.4 கிலோ! எம்2 மேக்புக் ஏர் 1.24 கிலோதான். எதற்கு விற்றேன் என்று அன்றைக்கு ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசித்தேன்.

மடியில் வைத்து அடிப்பது அதைவிட மோசம். லேப்டாப்பில் கனம் கீழே, திரை லேசு. டேப்பில் திரைதான் மொத்த கனமும். காலைக் கொஞ்சம் அசைத்தால் பின்னால் சாய்ந்து விழும். மெய்ப்புக்காரி நாற்காலியில் உட்கார்ந்து மடியில் வைத்து வேலை செய்கிறீர்கள் என்று எழுதவில்லை, ஆனால் காத்திருக்கும் கூடத்தில் மேசை போட்டிருப்பார்களா என்ன? வாங்குவதற்கு முன் மடியில் வைத்து அரை மணி நேரம் அடித்துப் பாருங்கள். இதுதான் நான் சொல்லக்கூடிய ஒரே புத்திமதி.

இன்னொரு குட்டு. அந்த உறை தனக்கென்று பேட்டரி வைத்திருக்காது, டேப்பிலிருந்தே உறிஞ்சும். கீபோர்டு விளக்கும் எரிந்தால் இன்னும் கொஞ்சம். ப்ளூடூத் கீபோர்டு தனியாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் சார்ஜ் போட இன்னொரு பிள்ளை.

ஸ்குரூடிரைவர் சொன்ன அந்த உறையவைக்கும் வித்தைக்கும் மறுபக்கம் உண்டு. 600 எம்பி கோப்பை அனுப்பப் போட்டுவிட்டு, அது போய்க்கொண்டிருக்கும்போது வேறு ஆப்புக்குத் தாவினேன். திரும்பி வந்தால் அனுப்புவது பாதியில் நின்றிருந்தது. இரண்டு முறை. இப்போது பெரிய கோப்பு போகும்வரை திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன், பால் பொங்குவதைக் காவல் காக்கிறமாதிரி.

ஆனால் விற்க மாட்டேன். பேனாவால் ஓரத்தில் கிறுக்குகிற சுகம் இருக்கிறதே, அதற்கு மாற்று இல்லை.

நைட் டூட்டி

சந்தேகம் ஒன்று. நான் டேப்பை எப்போதும் சார்ஜரில்தான் வைத்திருப்பேன், சமையலறைச் சுவரில் மாட்டி டிவி மாதிரி. ஒன்றும் ஆகாதே? அப்புறம் 20,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இருக்கிறது. மேடம் அதை முயற்சி செய்யலாமே?

ஸ்குரூடிரைவர்

நைட் டூட்டி சார், எங்கே மாட்டியிருக்கிறீர்கள், அடுப்புக்குப் பக்கத்திலா? லித்தியம் பேட்டரிக்கு ஆகாதது இரண்டு. ஒன்று சூடு, இன்னொன்று எந்நேரமும் நூறிலேயே கிடப்பது. நீங்கள் இரண்டையும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். 80இல் நிறுத்தும் வசதி செட்டிங்கில் இருந்தால் போட்டுவிடுங்கள். ஐபேடில் அது 2024 மாடல்களில்தான் வந்தது. பல லேப்டாப்பில் கம்பெனி கொடுக்கும் ஆப்பிலோ பயாஸிலோ (மிஷினை முடுக்கும்போதே உள்ளே போய்ப் பார்க்கும் அமைப்புப் பக்கம்) ஒளிந்திருக்கும். வசதியே இல்லையென்றால் அவ்வப்போது பிடுங்கிவிட்டு நாற்பது வரைக்கும் ஓடவிடுங்கள்.

எப்போதும் செருகியே கிடந்த ஒன்று போன மாதம் மேசைக்கு வந்தது. டச்பேட் அழுத்தினால் கிளிக் ஆகவில்லை என்று புகார். பக்கவாட்டில் பார்த்தால் டச்பேட் மேடாக எழும்பி, ஓரத்தில் நகம் நுழைகிற இடைவெளி. கீழ்மூடியைக் கழற்றினேன். பேட்டரியின் மூன்று செல்லில் நடுவில் இருப்பது தலையணை மாதிரி உப்பியிருந்தது. அது அப்படி ஆகிவிட்டால் அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள். அணைத்து, தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். டேப்பில் இதே நடந்தால் கண்ணாடி எழும்பும்.

இதைச் சொல்லும்போது இன்னொன்றும் சொல்ல வேண்டும். மேற்படி லேப்டாப்பில் எட்டு ஸ்குரூ, ஒரு கனெக்டர், இருபது நிமிடத்தில் புது பேட்டரி மாட்டி அனுப்பிவிட்டேன். டேப்பில் பேட்டரி திரைக்குப் பின்னால், பசை போட்டு ஒட்டியிருக்கும். கண்ணாடியைச் சூடாக்கி, மெல்லிசுத் தகடு விட்டு நெம்பி எடுக்க வேண்டும். நானே இரண்டு கண்ணாடியை உடைத்திருக்கிறேன். பேட்டரி தேயாத மிஷின் எதுவும் இல்லை. மூன்று நாலு வருடம் கழித்து அதை மாற்ற முடியுமா என்பதையும் பேட்டரி ஆயுசுக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பேன். கடையில் இதை யாரும் கேட்பதில்லை.

பவர் பேங்க்: 20,000 எம்ஏஎச் என்பதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட் அவர். வோல்ட்டை ஏற்றி இறக்குவதில் கொஞ்சம் சூடாகப் போய்விடும், 60 கைக்கு வந்தால் அதிகம். டேப்புக்கு இரண்டு முழு சார்ஜ். டைப் சியில் சார்ஜ் ஏறும் லேப்டாப் என்றால், பவர் பேங்க் 45 வாட்டாவது கொடுத்தால் ஒரு முறை நிரப்பும். 18, 20 வாட் பேங்க்கை லேப்டாப்பில் செருகினால் பெரும்பாலும் ஏறாது, ஏறினாலும் ஆமை வேகம். மெய்ப்புக்காரி மேடத்துடையது எந்த முனை?

மெய்ப்புக்காரி

உருண்டை முனை. அதனால் பவர் பேங்க் எனக்கு உதவாது.

டேப் பற்றி, ஒரு வாரம் ஆயிற்று, எழுதுகிறேன்.

பிடிஎஃப் வேலைக்கு அது சொர்க்கம், மறைக்கவில்லை. 30 வருடம் முன்னால் தாள் மெய்ப்பில் சிவப்புப் பேனாவோடு தொடங்கியவள் நான். நடுவில் மவுஸை வைத்து வட்டம் போட்டு, கோடு இழுத்து, பெட்டியைத் திறந்து தட்டச்சி, கை மரத்துப்போயிருந்தது. பேனாவை எடுத்து ஒரு சந்திப்பிழைக்கு நடுவில் ‘ப்’ என்று சொருகியபோது பழைய கை திரும்பி வந்தமாதிரி இருந்தது. ஒரு அமர்வில் 96 பக்கம் முடித்தேன். மவுஸில் 60தான் வழக்கம். நாலே முக்கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் சார்ஜ் 54 இருந்தது.

வியாழக்கிழமை வேர்டு வேலை. அங்கேதான் அழுதேன். திருத்தக் குறிப்புகளைக் காட்டுகிறது, ஏற்கலாம், தள்ளலாம், அதெல்லாம் சரி. ஆனால் என் மேக்ரோ (திரும்பத் திரும்பச் செய்யும் வேலையைத் தானே செய்யும் சிறு நிரல்) ஒன்றும் ஓடாது. இரட்டை இடைவெளியைப் பிடிக்க, ஒரே பெயரை இரண்டு விதமாக எழுதியிருந்தால் காட்ட, நிறுத்தக்குறிக்கு முன்னால் இடைவெளி விழுந்திருந்தால் நீக்க என்று பன்னிரண்டு வருடமாகச் சேர்த்துவைத்தவை அவை. அப்புறம் ஒரு கோப்பு பழைய எழுத்துருவில், யூனிகோட் இல்லாமல் வந்திருந்தது. டேப்பில் திறந்தால் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பை. எழுத்துருவை ஏற்ற வழி தேடி முக்கால் மணி நேரம் போயிற்று. பழைய பதிப்பையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம் என்றால் 11 அங்குலத்தை இரண்டாகப் பிளந்தபின் ஒரு வரியில் நாலு சொல்தான் நிற்கிறது.

ஆறாம் விரல் சொன்னது நடந்தது. மடியில்தான் வேலை செய்கிறேன். மருமகனின் கீபோர்டு உறையோடு டேப் ஒருமுறை பின்னால் சாய்ந்து பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் இடித்தது. அவர் தூங்கிக்கொண்டிருந்தார், பாவம்.

இதற்கிடையில் லேப்டாப்பில் நீங்கள் சொன்னதையெல்லாம் செய்தேன். டாஸ்க் மேனேஜரில் முதலிடத்தில் பிரவுசர். எண்ணிப் பார்த்தேன், 31 டேப் திறந்திருந்தது. (இது வேறு டேப்.) அகராதி மட்டும் நாலு தடவை. இரண்டாமிடத்தில் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டே இருக்கும் ஒரு மென்பொருள். அதை வெளியே இருக்கும்போது நிறுத்திவைத்தேன். வெளிச்சம் 40. மூடினால் ஹைபர்னேட். பழைய பேட்டரியிலேயே 2 மணி 5 நிமிடம் வந்தது! பையில் இருக்கும்போது ஒரு சதவீதம்கூடக் குறையவில்லை.

ஸ்குரூடிரைவர்

அப்படியானால் செலவு 8.3 வாட். நான் சொன்னதற்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இப்போது பேட்டரி போடுங்கள், கிட்டத்தட்ட ஐந்து மணி நேரம் எதிர்பார்க்கலாம்.

வாங்கும்போது லேப்டாப் மாடலைச் சொல்லி வாங்காதீர்கள். கீழ்மூடியைக் கழற்றி, பழைய பேட்டரி மேல் அச்சடித்திருக்கும் பாகம் எண்ணையும் வோல்ட்டையும் குறித்துக்கொண்டு அதையே கேளுங்கள். ஒரே மாடலில் இரண்டு விதமான பேட்டரி வருவதுண்டு, கனெக்டர் பொருந்தாது. மாட்டியதும் அதே அறிக்கையை மறுபடி எடுங்கள். ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி டிசைனுக்கு மிக அருகில் இருக்க வேண்டும். 85, 90 சதவீதத்தில் தொடங்கினால் அது வருடக்கணக்காக அலமாரியில் கிடந்ததாக இருக்கலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பிடிஎஃப் மட்டுமே உங்கள் வேலையாக இருந்திருந்தால் நானே டேப் என்றுதான் சொல்லியிருப்பேன். மேக்ரோ இருக்கிறவர் லேப்டாப்பை விடக் கூடாது.

சும்மா படிக்கிறவன்

நான் சொன்ன பதிலை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். என் லேப்டாப்பிலும் அறிக்கை எடுத்தேன். அலமாரியில் தூங்கிய ஒன்றரை வருடத்தில் 71 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. சும்மா இருந்தாலும் தேயுமா?

ஸ்குரூடிரைவர்

தேயும் தம்பி. முழு சார்ஜில் மூடி வைத்திருப்பாய். நாள் கணக்கில் எடுக்கப்போவதில்லை என்றால் பாதி சார்ஜில் வைத்துவிட்டு, சில மாதத்துக்கு ஒருமுறை எட்டிப் பார்.

மெய்ப்புக்காரி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். பேட்டரி மாற்றியாயிற்று. அறிக்கையில் 40,700 காட்டுகிறது.

நேற்று அம்மாவை உள்ளே விட்டுவிட்டு உட்கார்ந்தேன். வேர்டில் இரண்டு அத்தியாயம், பிடிஎஃப்பில் 40 பக்கம். 4 மணி 35 நிமிடத்தில் அம்மாவைக் கூப்பிட்டுக்கொள்ளச் சொன்னார்கள். மூடும்போது 9 சதவீதம் மீதி. டேப்பை மருமகனிடம் மனசே இல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அந்தப் பேனாவுக்காக ஒரு நாள் வாங்கினாலும் வாங்குவேன், பேட்டரிக்காக இல்லை.

அந்த 214ஆம் பக்கத்து ஒற்று? ஆசிரியர் அது பிழையே இல்லை என்கிறார். அந்தச் சண்டை இன்னும் முடியவில்லை.